இவன் அல்ல

உலான்பாத்தரில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
ஐஸ் பெட்டிக்குள்தான் குளிர் குறைவு.
நாலு டிகிரியில், சொகுசாக,
பதினோரு குழந்தைகளின் மூக்குச் சளி
படியேறி வருகிறது.

கொண்டுவந்த பையனின் இமைமயிரில் உறைபனி.
கையெழுத்துக்கு அவன் நீட்டிய பேனா எழுதவில்லை.
வாயால் ஊதிச் சூடாக்கினேன்.

ஏழாம் டியூபில் ஒட்டிய சீட்டு:
எனெபிஷ். ஆண். நான்கு மாதம்.
மூச்சு, நிமிடத்துக்கு அறுபத்தெட்டு.

எனெபிஷ் என்றால் எங்கள் மொழியில்
'இவன் அல்ல'.
முன்னே பிறந்தவை தங்காத வீட்டில்
இப்படிப் பெயர் வைப்பதுண்டு.
வாசலில் வந்து நிற்பது எதுவானாலும்
ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு,
ஆள் மாறிப்போச்சு என்று
அடுத்த தெருவுக்குப் போய்விடுமாம்.
அடுத்த தெருவிலும் தொட்டில் உண்டு.
அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இரவு முழுக்க நான் செய்வதும்
ஏறக்குறைய இதுவே, தலைகீழாக.
சளியைக் கரைத்து
அதன் வாசலில் நின்று
ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறேன்.
இன்ஃப்ளூயன்சா?
கோடு தரையோடு கிடக்கிறது.
அடினோ?
இல்லை.
பாரா இன்ஃப்ளூயன்சா ஒன்று, இரண்டு, மூன்று?
இல்லை. இல்லை. இல்லை.

பிளேட்டின் கடைசிக் குழியில் வெறும் தண்ணீர்.
என் கண் முதலில் போவது அங்கேதான்.
தண்ணீர் வாய் திறந்துவிட்டால்
அன்றைக்கு நாங்கள் சொல்வது அத்தனையும் பொய்.

தண்ணீர் வாய் திறக்கவில்லை.

இருபத்திரண்டாம் சுற்றில்
ஏழாம் குழியின் கோடு தலை தூக்கியது.
உப்புத் தேநீரைக் கீழே வைத்து எழுவதற்குள்
செங்குத்தாக ஏறிவிட்டது.
ஆர்.எஸ்.வி.
முப்பத்து நாலில், சோம்பல் முறித்துக்கொண்டு,
இன்னொன்று:
ரைனோ.

டாக்டர் சரந்துயா போனில் கேட்டார்,
"ரெண்டில் எது?"
மூக்கில் யார் இருந்தார்கள் என்று சொல்லலாம் டாக்டர்.
வாசலில் கிடக்கும் பூட்ஸை வைத்து
உள்ளே அடிப்பது யாரென்று எப்படிச் சொல்ல?
ஒரு ஜோடி பெரிதாக இருக்கிறது.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

விடிந்ததும் பிரின்டர் மக்கர் செய்தது.
முடிவைக் கையால் எழுதி நானே எடுத்துப் போனேன்.
வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள்.
எல்லாத் தாய்மாரின் கூந்தலிலும் கரிப்புகை.
ஜன்னலுக்கு வெளியே
சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புக் கறை.

கன்னத்தில் பிளாஸ்திரி, மூக்கில் ஆக்சிஜன் குழாய்,
ஒவ்வொரு மூச்சுக்கும்
விலா எலும்பின் கீழே குழி விழுந்தது.
நெற்றியில் அடுப்புக்கரிப் பொட்டு.
நர்ஸ் இரண்டு முறை துடைத்தாளாம்.
இரண்டு முறையும் திரும்ப வந்துவிட்டதாம்.

டோல்கோர்சுரேன், அவன் அம்மா,
புருஷனின் பெரிய கம்பளிக் காலணியில் நின்றபடி கேட்டாள்:
"பெயர் தெரிஞ்சுதா?"
தெரிந்தது.
"பெயர் சொன்னால் போயிடுமா?"
போகாது. விரட்ட மருந்தில்லை.
ஆக்சிஜன் இருக்கிறது. குழாய் வழியாகப் பால் இருக்கிறது.
ஐந்தாறு நாள் தாக்குப்பிடிக்க வேண்டும்.
"அப்புறம் எதுக்கு இந்தப் பெயர்?"

பக்கத்துக் கட்டிலைக் காட்டினேன்.
ஏழு வாரப் பெண் குழந்தை, இதயத்தில் ஓட்டை,
வேறு காய்ச்சலுக்கு வந்தது.
நடுவே ஒரு முழ இடைவெளி.

அவள் அந்தத் தாயைப் பார்த்தாள்.
நெடுநேரம் என்று எனக்குத் தோன்றியது.
பிறகு யாரையும் கேட்காமல் குனிந்து
தன் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து
சுவர்ப் பக்கம் தள்ளத் தொடங்கினாள்.
துருப்பிடித்த சக்கரம் கத்தியது.
மறுமுனையை நான் பிடித்தேன்.

பதிவேட்டில் இன்று என் கையெழுத்துக்கு மேல்:
பெயர், இவன் அல்ல.
முடிவு, ஆம்.

மூன்றாம் டியூப்தான் இன்னும் பேசவில்லை.
என்னிடம் இருந்த பெயரெல்லாம் தீர்ந்துவிட்டது.
அந்தக் குழந்தையும்
அதே வேகத்தில்தான் மூச்சு வாங்குகிறது.